நூலை மூடிய பின்

தேர்வு மண்டபத்தில் கடிகாரத்தின் ஒலி மட்டுமே கேட்கிறது. வினாத்தாளைப் பிரித்த ஐந்தாம் படிவ மாணவன் எழுதுகோலைப் பற்றியபடி அசைவற்று அமர்ந்திருக்கிறான். முந்திய இரவு கண்விழித்து வரலாற்றுப் பாடத்தை ஐந்து முறை படித்தவன் அவன். பாடத்திலிருந்த படம் நினைவில் தெரிகிறது. அதன் கீழிருந்த செய்தியோ தெரியவில்லை. வரலாற்றில் தேறாவிடில் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை என்பது 2013 முதல் உள்ள விதி. உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அவனைச் சோம்பேறி எனல் தகுமா? தகாது. அவன் உழைத்தான், உழைத்த வழியிலேதான் பிழை நேர்ந்தது.

முன்னாளில் மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவன் பொதுத்தேர்வை இளமையிலேயே கண்டுவிடுவான். 1988 முதல் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. அது 2021இலும், மூன்றாம் படிவத்துப் பி.டி.3 தேர்வு 2022இலும் கைவிடப்பட்டன. பிஞ்சுத் தோள்களிலிருந்து ஒரு சுமை இறங்கியது நன்றே. எனினும், அதன்பின் எஸ்.பி.எம். தேர்வையே முதற் பொதுத்தேர்வாகப் பதினேழு வயதில் சந்தித்த மாணவர் பலர். மேற்கல்விக்கு வாயிலாகும் தேர்வே முதல் தேர்வாகவும் அமையுங்கால் அச்சம் பெருகுவது இயல்பன்றோ?

அமெரிக்க உளவியலறிஞர்களான ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. மாணவருள் ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு சாரார் படித்தபின், அதனைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழிந்ததும் நிலை மாறியது. நினைவிலிருந்து எழுதியவரே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். திரும்பத் திரும்பப் படிப்பவனுக்கு எழுத்து பழகிவிடுகிறது. அப்பழக்கத்தையே அறிவென மயங்குகிறான். அம்மயக்கம் தெளியும் இடம் தேர்வு மண்டபமாகிவிடுவதே துன்பம்.

அதனை வீட்டிலேயே தெளிவித்துக்கொள்ளலாம். ஒரு பகுதியைப் படித்ததும் நூலை மூடி, அறிந்தவற்றை வெற்றுத்தாளில் எழுதுதல் வேண்டும். பின்னர் நூலைத் திறந்து, விடுபட்டவற்றைச் சிவப்பு மையால் குறித்தல் வேண்டும். மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து மறுமுறை இவ்வாறே செய்தல் நலம். முதல்நாள் தாள் சிவந்துதான் கிடக்கும். அதற்கு அஞ்சலாகாது, வீட்டில் கண்ட பிழைக்குப் புள்ளி குறைவதில்லை. தேர்வுக்கு முந்திய இரவு உறக்கத்திற்கே உரியது. கற்றதை மனம் நிலைநிறுத்திக்கொள்ள உறக்கம் துணைபுரிகிறது.

மண்டபத்திலும் முறை உண்டு. இரண்டு மணி நேரத் தாளுக்கு நூறு புள்ளிகள் எனில், புள்ளிக்கு ஒரு நிமிடமாக எழுதினாலும் இருபது நிமிடம் எஞ்சும். அதிற் பாதி வினாக்களை முற்றும் படிப்பதற்கு. மறுபாதி எழுதியதைச் சரிபார்ப்பதற்கு. தெரிந்த வினாவை முதலில் எழுதினால் நடுக்கம் தணியும். தணிந்த மனத்தில் மறந்ததும் தலைகாட்டும்.

ஆசிரியர்க்கும் இதில் பெரும்பங்குண்டு. வாரந்தோறும் புள்ளிப் பதிவேட்டில் ஏறாத சிறு சோதனை ஒன்று வைத்து, பிழைத்தவனை நகையாது திருத்துவாராயின், வகுப்பறையே ஒத்திகை மேடையாகும். அங்ஙனம் பழகிய மாணவனுக்கும் தேர்வு நாளில் நெஞ்சு சற்றே படபடக்கலாம். ஆயினும் மூடிய நூலின் முன் அமர்ந்து எழுதுவது அவனுக்குப் புதிதன்று. கை எழுதத் தொடங்கிவிடும்.