ஒரே பெயர், வெவ்வேறு எண்ணிக்கை

இந்தியாவில் வழங்கும் மொழிகள் எத்தனை? 1928இல் நிறைவுற்ற கிரியர்சனின் அளவாய்வு 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் கண்டது. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. 2010இல் கணேஷ் தேவி முன்னெடுத்த மக்கள் மொழி அளவாய்வு 780 என்றது. இம்மூன்றையும் ஒரு கோட்டில் இணைத்தால், மொழிகள் பன்மடங்கு பெருகிப் பின்னர் பாதிக்கும் கீழே சுருங்கியதாகத் தோன்றும். எண்ணப்பட்ட பொருளே ஒவ்வொன்றிலும் வேறு.

கிரியர்சனுக்கு மாதிரிகளைத் திரட்டி அனுப்பியவர்கள் பெரும்பாலும் அரசு அலுவலர்கள். ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பே அவர்கள் அனுப்பிய முதன்மையான சான்று. சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் அவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நின்றன. ஆகவே அதில் தெற்கின் வெறுமை மொழியின் வறுமையன்று.

மக்கள்தொகைக் கணக்கெடுப்போ மக்கள் சொன்ன பெயரிலிருந்து தொடங்குகிறது. 2011இல் பதிவான 19,569 பெயர்கள் சரிபார்ப்பில் 1,369 தாய்மொழிகளாயின; அவை 121 மொழிகளின் கீழ் தொகுக்கப்பட்டன. இந்தி பேசுவோர் 52.83 கோடி என்பதில் இந்தியையே தாய்மொழியாகச் சொன்னவர்கள் 32.22 கோடி. போஜ்புரி என்று சொன்ன 5.06 கோடிப் பேரும் அந்தப் பெருந்தொகைக்குள் அடங்குவர். (இத்தொகுப்பில் மொழியியலின் பங்கு எவ்வளவு, ஆட்சியின் பங்கு எவ்வளவு என்பது தனி விவாதம்.)

இத்தரவுகளை இணைக்க இன்று பலரும் நாடுவது ஐ.எஸ்.ஓ. 639-3 குறியீட்டை. அது கோண்டியை வடக்கு, அஹேரி, ஆதிலாபாத் என மூன்றாகப் பிரிக்கிறது. கணக்கெடுப்பு 'கோண்டி' என்ற பெயரில் தருவது 29.84 இலட்சம் என்ற ஒற்றை எண். அதை மூன்று குறியீடுகளுக்கும் எவ்வாறு பகிர்வது? மாவட்ட எல்லையைக் கொண்டு பிரிப்பது ஓர் ஊகம். ஆனால் இணைத்த அட்டவணையில் ஏறியதும் அவ்வூகம் அளந்த எண்ணைப் போலவே காட்சியளிக்கும். அடுத்து எடுத்தாள்பவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

இதனினும் தீங்கானது வெற்றுக்கட்டம். 1971 முதல், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்கு வெளியிடப்படும் பட்டியலில் தனி வரி இல்லை. நீலகிரியின் தோடா அவ்வாறு மறைந்த ஒன்று. இரு கோப்புகளை இணைக்கையில் அவ்வெற்றிடத்தைப் பூச்சியமாக நிரப்ப மென்பொருளுக்கு ஒரு வரிக் கட்டளை போதும். பழங்குடியினர் பட்டியலிலுள்ள தோடர் எண்ணிக்கையை அங்கே இட்டு நிரப்புவதும் நேர்வதே. குடியும் பேச்சும் ஒன்றென்ற முடிவை அப்போது எவரும் அறிவித்து எடுப்பதில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. 'இயன்ற இடம்' எதுவென்று முடிவெடுப்பவர் பார்க்கப்போவது இத்தகைய அட்டவணையைத்தான். அதில் பூச்சியம் பெற்ற மொழிக்குப் பாடநூலைக் கேட்பவர் யார்?

எனவே, மூலத்தில் இருந்த பெயர், எண்ணியவர், ஆண்டு, இணைத்தவர் செய்த பகிர்வு ஆகிய நான்கும் ஒவ்வொரு எண்ணின் அருகிலும் தனி நிரல்களாக நிற்க வேண்டும். அட்டவணை அகன்று அழகு கெடும், வெற்றுக்கட்டங்கள் மிகும். கோண்டியின் மூன்று குறியீடுகளுக்கும் எதிரே எண் இராது. அவற்றுக்கு மேல் ஒரு வரியில் 29.84 இலட்சம், பிரிக்கப்படாமல் இருக்கும்.