யார் வென்றாலும் லாபம்

 

சென்ற மாதம் என் தங்கை மகன் கோவையிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஐவேளைத் தொழுகையைப் பேணுகிற பிள்ளை. "மாமா, ஒரு மார்க்க விளக்கம் வேண்டும். கிரிக்கெட்டில் பந்தயம் கட்டுவது ஹராம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பந்தயம் கட்டவில்லை. ஒரு விலையில் எடுத்து வேறொரு விலையில் விட்டுவிடுகிறேன். எந்த அணி வென்றாலும் எனக்கு லாபம். இது வியாபாரம்தானே?" என்று கேட்டான்.

அவனுக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. ஏனெனில் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானே வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன். இரவு அழைப்பதாகக் கூறி வைத்துவிட்டேன். அன்றிரவு அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2009 ஆம் ஆண்டு செப்டம்பரில் மேற்படிப்புக்காக லண்டன் சென்றேன். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு 5.80 பவுண்டு கூலி. வாரம் 116 பவுண்டில் அறை வாடகை, பயணச்சீட்டு, சாப்பாடு எல்லாம் முடிய வேண்டும். கீழக்கரையில் வாப்பா சிறு கடையொன்றை நடத்தி, என் முதலாண்டுக் கட்டணத்துக்காகக் கடன்பட்டிருந்தார்கள். அந்த நாட்களில்தான் கல்லூரியில் ஒரு மாணவன் பந்தயச் சந்தையைப் பற்றிச் சொன்னான்.

இங்கிலாந்தின் வீதிகளில் காணும் பந்தயக் கடை வேறு. இந்தச் சந்தை வேறு. கடையில் நாம் கடைக்காரருக்கு எதிராகப் பணம் வைக்கிறோம். சந்தையில் மனிதருக்கு எதிராக மனிதர் வைக்கிறார். 2000 ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே ஆகிய இருவர் பெட்ஃபேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இம்முறையைப் பரவலாக்கினார்கள். "இக்குதிரை வெல்லும்" என்று ஒருவர் பணம் வைக்கலாம். "வெல்லாது" என்று இன்னொருவர் அதை ஏற்கலாம். இருவரையும் சேர்த்து வைத்ததற்காக, வென்றவரின் நிகர லாபத்தில் பெரும்பாலும் 5 சதவீதத்தைச் சந்தை எடுத்துக்கொள்ளும். அந்நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறது. நான் பயன்படுத்திய தளத்தின் பெயர் இங்கு தேவையில்லை.

என்னை இழுத்தது சூதாட்டத்தின் பரபரப்பு அன்று, அதிலிருந்த கணக்கு. ஒரு குதிரையின் விலை 4 என்றால், ஒரு பவுண்டு வைத்தவருக்கு அது வென்றால் முதலும் சேர்த்து 4 பவுண்டு கிடைக்கும். 4 என்ற விலையில் 60 பவுண்டை அது வெல்லும் என்று வைக்கிறேன். சில நிமிடங்களில் பலரும் அக்குதிரையை நாட, விலை 3.75 ஆக இறங்குகிறது. இப்போது அதே குதிரை வெல்லாது என்று 64 பவுண்டுக்கு எதிர்ப்பக்கம் எடுக்கிறேன். குதிரை வென்றால் முதல் பந்தயத்தில் 180 பவுண்டு வரவு, இரண்டாவதில் 176 பவுண்டு செலவு. தோற்றால் முதலாவதில் 60 போகும், இரண்டாவதில் 64 வரும். எது நடந்தாலும் 4 பவுண்டு மீதம். 20 பென்ஸ் கழிவு போக 3.80. பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் இதைச் செய்து முடித்துவிடலாம். குதிரை ஓடுவதைப் பார்க்கவும் தேவையில்லை. திரையில் நீலம், இளஞ்சிவப்பு என இரு நிறப் பத்திகளில் எண்கள் ஏறி இறங்கும். இரு பக்கமும் லாபமாக முடிந்துவிட்டால் "பச்சையாகிவிட்டது" என்பார்கள்.

இதில் சூது எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே வாதாடினேன். சூதாடி முடிவை நம்பியிருக்கிறான். நானோ முடிவு வருமுன் வெளியேறிவிடுகிறேன். தமிழில் எழுதும்போது அல்லாஹ் அளிக்கும் ரிஸ்க்கும் ஆங்கிலேயர் அஞ்சும் ரிஸ்க்கும் ஒன்றுபோலவே தோன்றும். அந்நாளில் என் மனத்திலும் அவை அப்படித்தான் கலந்துகிடந்தன.

ஆறு மாதங்களில் கையில் பணம் சேர்ந்தது; பெருந்தொகையன்று, மாதம் நூறு, நூற்றைம்பது பவுண்டு. மழைக்காலத்துக்கு முன் வீட்டு ஓட்டுக் கூரையை மாற்ற 40,000 ரூபாய் அனுப்பினேன். "சம்பளம் கூடியிருக்கா வாப்பா?" என்று உம்மா கேட்டபோது, "சின்னதாக ஒரு வியாபாரம்" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள்.

2010 ரமலானில் நடந்த ஒன்று இன்றும் நினைவில் உறுத்துகிறது. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தான் வீரர்கள் சிலர் பணத்துக்காக வேண்டுமென்றே நோபால் வீசினார்கள் என்ற செய்தி ஆகஸ்ட் 29 அன்று ஞாயிறு இதழில் வெளியானது. அவர்களில் முகம்மது ஆமிருக்கு அப்போது வயது 18. மறு ஆண்டு மூவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அன்றிரவு தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் வாசலில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். சூது ஒரு சமுதாயத்தையே தலைகுனிய வைத்துவிட்டதே என்று பெரியவர் ஒருவர் கண்கலங்கினார். நானும் தலையசைத்தேன். அன்று பிற்பகல் நோன்போடு ஐந்து குதிரைப் பந்தயங்களில் "வியாபாரம்" செய்துவிட்டுத்தான் அங்கே நின்றிருந்தேன்.

குளிர்காலம் வந்ததும் வேறொரு சிக்கல். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். குதிரைப் பந்தயங்களோ நண்பகலுக்குப் பின் தொடங்கி இருட்டும் வரை அரைமணிக்கு ஒன்றாக நடக்கும். அஸரும் மஃரிபும் அவற்றின் நடுவில் சிக்கிக்கொள்ளும். முதலில் தொழுகையைச் சற்றுப் பிற்படுத்தினேன். பிறகு இரண்டு ரக்அத்துக்கு இடையிலும் விலை எங்கே இருக்கும் என்று மனம் கணக்கிட்டது. பிறகு களா தொழுவது வழக்கமாயிற்று.

என் அறையில் புத்தளத்தைச் சேர்ந்த ஒரு தம்பியும் தங்கியிருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். என்னை "நானா" என்றுதான் அழைப்பார். நான் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள், "இது ஹராம் இல்லையா நானா?" என்று கேட்டார். மேலே எழுதிய 60, 64 கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். "யார் வென்றாலும் லாபம். இது வியாபாரம்தானே?" என்றேன். அவரும் ஒரு கணக்குத் தொடங்கினார்.

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. மும்பையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவும் இலங்கையும். ஒரே அறையில் இரண்டு மடிக்கணினிகள். இலங்கை 274 ஓட்டங்கள் எடுத்திருந்தது. சேவாக் ஓட்டமின்றியும் டெண்டுல்கர் 18 ஓட்டங்களிலும் மலிங்காவிடம் வீழ்ந்தபோது இந்தியா 31 க்கு 2. சந்தையில் விலைகள் தலைகீழாயின. தம்பி இலங்கையின் பக்கம் வைத்தார். நான் எதிர்ப்பக்கம் எடுத்தேன். கம்பீரும் கோலியும் நிலைத்து ஆடி 114 வரை கொண்டுபோனார்கள். நான் பச்சையாக்கிக்கொண்டு வெளியேறினேன். அவரால் முடியவில்லை. சிறு நட்டத்தோடு வெளியேறுவதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி. ஆனால் தன் நாடு ஆடும்போது, நட்டத்தை ஏற்றுக்கொள்ள மனிதனின் கை வருவதில்லை. கோலி ஆட்டமிழந்ததும் இன்னும் கொஞ்சம் வைத்தார். பிறகு தோனி வந்தார். ஆட்டம் முடிந்தபோது மாலை ஆறு மணிக்கு மேலிருக்கும். கீழ்வீட்டில் யாரோ பட்டாசு வெடிப்பதுபோல் கதவைத் தட்டிக் கொண்டாடினார்கள். தம்பி கணினியை மூடிவிட்டு, "கட்டணப் பணம் நானா, 850 பவுண்டு" என்றார். என் திரையில் 210 பவுண்டு பச்சையாக இருந்தது. இருவருமே அன்று லுஹர் தொழுதிருக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் யார் என்று சந்தை காட்டாது. பணம்தான் தெரியும், பெயர் தெரியாது. அந்த 210 பவுண்டில் அவருடைய பணம் எவ்வளவு என்பதை நான் ஒருபோதும் அறியப் போவதில்லை. ஒன்றரை ஆண்டாக என் எதிரே முகமற்ற எண்கள் மட்டுமே இருந்தன. அன்றுதான் அவற்றில் ஒன்றுக்கு முகம் வந்தது. இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பருவத்தோடு படிப்பும் நின்றது.

எங்கள் பள்ளிவாசலுக்கு வந்துபோகும் தமிழ் ஆலிம் ஒருவரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட வாதாடினேன் என்பதே சரி. ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் விற்ற பொருள் எது?" என்றார்கள். நான் யோசித்தேன். "வாங்கியவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் என்ன செய்தார்?" என்றார்கள். பிறகு, "உங்களுக்கு எதிரே இருந்த அனைவரும் ஒரு பைசாவும் இழக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லாபம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்கள். இதற்குப் பதில் தேட வேண்டிய தேவையே இல்லை. அந்தச் சந்தைக்கே அது தெரியும். கடைக்காரர் தொடர்ந்து வரும் நல்ல வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தருவார். பெட்ஃபேர் நிறுவனமோ தொடர்ந்து வெல்பவர்களிடம் 2008 முதல் 20 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் பெற்றது; 2011 இல், மிக அதிகமாக வெல்லும் சிலருக்கு அதை 60 சதவீதம் வரை உயர்த்தியது. வென்றவர் எடுத்துப்போவது தோற்றவரின் பணத்தைத்தானே.

(பங்குச் சந்தையும் இதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். பங்குக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையாவது கடையாவது இருக்கிறது. அதன் சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பேசத் தகுதியுடையவன் அல்லன்.)

என்னிடம் ஒரு வாதம்தான் மிஞ்சியிருந்தது. "கூரை மாற்றத்தானே அனுப்பினேன் ஹஜ்ரத்? ஏழைகளுக்கும் கொடுத்தேனே?" என்றேன். அப்போது அவர்கள் மைஸிர் என்ற சொல்லின் வரலாற்றைச் சொன்னார்கள். அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, பத்து அம்புகளை ஒரு பையிலிட்டு எடுப்பார்களாம். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. வெற்று அம்பு விழுந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பெருமையாகவும் கருதினார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 219 ஆம் வசனம் சூதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டே, அதன் பாவம் பெரிது என்கிறது. அந்தப் பயன்களில் ஒன்று இதுதான் என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஏழையின் வயிற்றை நிறைத்த விளையாட்டையே அல்லாஹ் தடுத்தான். அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆம் வசனங்களை அதற்கு முன் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். பகைமையும் வெறுப்பும் விளையும், இறைநினைவும் தொழுகையும் தடைபடும் என்று அங்கே சொல்லப்பட்ட நான்கும் என் ஒற்றை அறைக்குள் நடந்து முடிந்திருந்தன.

கையிலிருக்கும் அந்தப் பணத்தை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து நீங்கிக்கொள்ளுமாறும், செலவழித்துவிட்டதைச் சம்பாதித்துக் கொடுக்குமாறும் ஹஜ்ரத் சொன்னார்கள். தம்பியை அறிந்தவரை தேடிச் செல்லுமாறும் சொன்னார்கள். என் குறிப்பேட்டின்படி மொத்தம் 2,140 பவுண்டு. கூலியிலிருந்து கொடுத்து முடிக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின.

வாப்பாவிடம் சொன்னதுதான் கடினம். தொலைபேசியில் நெடுநேரம் அவர்கள் பேசவில்லை. பிறகு, "கூரை ஓடு மாத்துனோமே, அதுவுமா?" என்று மட்டும் கேட்டார்கள். ஆம் என்றேன். தானும் உம்மாவும் உம்ரா போவதற்காகச் சேர்த்திருந்த தொகையிலிருந்து அந்த 40,000 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் திருப்பித் தருகிறேன் என்றபோது, "நீ உன் கணக்கைப் பாரு" என்றார்கள். அவர்களின் உம்ரா மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

தம்பியை 2017 இல்தான் புத்தளத்தில் போய்ப் பார்க்க முடிந்தது. 850 பவுண்டுக்குரிய தொகையை அவர் முன் வைத்தேன். "எனக்கு எதிரே இருந்தது நீங்கள்தான் என்று யாருக்குத் தெரியும் நானா?" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் வியாபாரம் என்று சொன்னது நீங்கள்தான்" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார். தேநீர் கொடுத்தார்.

அன்றிரவு மருமகனை அழைத்து இவ்வளவையும் சொன்னேன். 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இணையப் பணவிளையாட்டுகளைத் தடைசெய்திருப்பதையும் சொன்னேன். "லண்டனில் அனுமதி இருந்ததே மாமா?" என்றான். "இருந்தது" என்றேன். கொஞ்ச நேரம் இணைப்பில் ஓசையில்லை. கணக்கில் இன்னும் 6,000 ரூபாய் இருப்பதாகச் சொன்னான். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன், குறித்துக்கொண்டான்.

பிறகு குரல் தாழ்ந்தது.

"போன மாதம் உம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன் மாமா. அதுவுமா?"