முதியவருக்கு எந்தச் சொல்?

சித்தூரில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் மையத்தில் பாங்க் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: ஓல்டு என்றால் ஏஜ்டு, எல்டர்லி, ஏன்ஷியன்ட், ஆன்டிக், அப்ஸலீட். ஐந்தும் ஒன்றுதான் என்பது அவர்கள் நினைப்பு. 'என் பாட்டி ஓர் ஆன்டிக்' என்று ஒரு மாணவி கட்டுரை எழுதியிருந்தாள். அன்பாகத்தான் எழுதினாள். ஆனால் பாட்டி கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டார்.

ஒரு பொருளுக்குப் பல சொல் என்று பட்டியல் போடுவது நமக்குப் புதிதல்ல. ரோஜே என்ற ஆங்கிலேய மருத்துவர் தம் புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தை வெளியிட்டது 1852-ல். நம் திவாகர நிகண்டும் பிங்கல நிகண்டும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆனால் பட்டியல் ஒன்றைச் சொல்வதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் சில இடங்களில்தான் அனுமதி உண்டு. எல்டர்லி மனிதர்களுக்கு மட்டும். அப்ஸலீட் என்பது வழக்கொழிந்த இயந்திரத்துக்கு. ஏன்ஷியன்ட் என்பது திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதையில் தெரியும் பாறைகளுக்குப் பொருந்தும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இரண்டு பாறைத் தொகுதிகளுக்கு நடுவே மட்டும் சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி என்கிறார்கள் நிலவியல் அறிஞர்கள். அதே சொல்லை ஒரு மனிதருக்குச் சூட்டினால் கேலி.

இதைப் புரியவைக்க நான் பிள்ளைகளின் வீட்டு மொழிக்குத்தான் வருவேன். 1911-ல் உருவான சித்தூர் மாவட்டம் 1953-ல் ஆந்திராவோடு சேர்ந்தது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறினாலும் தெருவில் தமிழும் தெலுங்கும் பிரியவில்லை. என் வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டும் வரும்.

தமிழில் பொருளுக்குப் 'பழைய', மனிதருக்கு 'முதிய'. தெலுங்கில் பொருளுக்குப் 'பாத', மனிதருக்கு 'முசலி'. பழையவும் பாதவும் ஒரே வேரில் பிறந்தவை. முசலியின் இன்னொரு வடிவமான 'முதுசலி'யில் நம் 'முது' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பழைய சோறு உண்டு, முதிய சோறு இல்லை. பழைய சிநேகிதர் என்றால் வயதானவர் என்று அர்த்தமில்லை. மலைக்கு மட்டும் எல்லாச் சொல்லும் பொருந்தும் போலிருக்கிறது: முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் மூன்றும் ஒரே ஊரின் பெயர்கள்.

மனிதருக்கு வரும்போதுதான் சிக்கல். தெலுங்கில் ஒரு மூதாட்டியைப் 'பெத்தாவிட' என்றால் மரியாதை. 'முசலாவிட' என்றால் வெறும் தகவல். 'முசல்தி' என்றால் ஏச்சு. தமிழிலும் பெரியவங்க, வயசானவங்க, கிழம் என்று அதே படிக்கட்டு உண்டு.

எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் ஓர் அம்மாள் இருக்கிறார். வீடு அவர் பெயரில் இருந்தவரை, வீட்டார் மற்றவர்களிடம் அவரைப் பெத்தாவிட என்றே குறிப்பிடுவார்கள். மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் பதிவான சில மாதங்களில் அவர் முசலாவிட ஆனார். அடுத்த கோடைக்குள் முசல்தி. அவருக்கு ஏறியது ஒரு வயது, சொல் இறங்கியது இரண்டு படி. ஒரு நாள் என்னிடம் தமிழிலேயே சொன்னார்: "சோறு போடறாங்க நாயனா. பேருதான் மாறிப்போச்சு."

மரியாதைச் சொற்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். பெரியவர், பெத்தாவிட இரண்டிலும் இருப்பது 'பெரிய'. விருத்தர் என்ற வடசொல் 'விருத்தி'யோடு பிறந்தது, அதாவது வளர்ந்தவர். ஓல்டு என்ற ஆங்கிலச் சொல்லின் ஆதி வேருக்குக்கூட வளர்வது, ஊட்டி வளர்ப்பது என்றுதான் பொருள். மூப்பைத் தேய்மானமாகப் பார்க்காமல் வளர்ச்சியாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை.

இன்று ஏச்சாகிவிட்ட 'கிழவன்' என்ற சொல்லும் பழந்தமிழில் உரிமையுடையவனைக் குறித்தது. நிலத்துக்கு உடையவர் கிழார். இன்றோ உரிமையை எழுதிக்கொடுத்த பிறகுதான் பலருக்கு அந்தப் பெயர் கிடைக்கிறது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த வசதிகள் மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து ரத்து செய்ய அதன் 23-வது பிரிவு வழி செய்கிறது. அந்த அம்மாளின் பத்திரத்திலும் அந்த நிபந்தனை இருக்கிறது. நானே படித்துப் பார்த்தேன்.

விளக்கிச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வேளாவேளைக்குச் சோறு வருகிறது, மருந்து வருகிறது. பெத்தாவிட என்ற சொல் வரவில்லை என்பதை எந்தப் பிரிவில் மனுவாக எழுதுவது?