காலை ஜெபமும் எட்டு மணி வகுப்பும்



அன்றாட வாழ்வில் கிறிஸ்துவோடு நெருங்கியிருப்பது எப்படி என்று எவரேனும் கேட்டால், சில மாதங்களுக்கு முன்பு வரை என்னிடம் ஆயத்தமான விடை ஒன்று இருந்தது. அதிகாலையில் எழ வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும், ஜெபிக்க வேண்டும், ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்ல வேண்டும். இந்த விடை தவறன்று. ஆனால், இது பாதி விடைதான் என்பதை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனால் நான் அறிந்துகொண்டேன்.

நான் மேருவில் குடியிருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகள் விழிப்பதற்குமுன் சமையலறை மேசையருகே அமர்ந்து அரை மணி நேரம் வேதம் வாசித்து ஜெபிப்பது என் பல்லாண்டுப் பழக்கம். அன்று வாசித்த பகுதி யோவான் சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரம். செடியில் நிலைத்திருக்கும் கொடியே கனி தரும் என்று இயேசு தம் சீடர்களுக்கு உணர்த்திய பகுதி அது. மனநிறைவோடு எழுந்தேன்.

வீட்டைவிட்டுப் புறப்பட்டதும் சாலையில் லாரிகளின் நெரிசல். பள்ளியில் அன்றே இணையத்தில் பதிவேற்ற வேண்டிய மதிப்பீட்டு விவரங்கள் காத்திருந்தன. எட்டு மணிக்கு வகுப்பில் நுழைந்தபோது, அந்த மாணவன் மீண்டும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தான். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. எல்லார் முன்னிலையிலும் அவனை எழுப்பி நிறுத்தி, "உனக்கெல்லாம் படிப்பு வராது" என்றேன். அவன் அழவில்லை. தலைகுனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொடி செடியைவிட்டு அறுந்துபோக இரண்டரை மணி நேரமே தேவைப்பட்டது.

அவனுக்குப் பின்னால் சோகக் கதை ஏதும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். மாலையில் விளையாடினான், மறந்துவிட்டான், அவ்வளவுதான். ஆனால் அவன் செய்த தவறு வேறு, நான் சொன்ன சொல் வேறு. பிள்ளைகளை அருகில் அழைத்து அணைத்துக்கொண்டவரைப் பின்பற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் என் வாயிலிருந்து அச்சொல் வந்தது.

அன்றிரவு முழங்காலிட்டேன். சொற்கள் வரவில்லை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் கற்பித்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சகோதரனுக்கு ஒன்பது வயதும் இருக்கலாம் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்போது என் அம்மாவை நினைத்தேன். காப்பார்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவருக்கு அரை மணி நேரத் தியானத்திற்கெல்லாம் வழியில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது உதடுகள் அசையும், அதுவே ஜெபம். ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார். லயத்தில் யாரோடாவது மனத்தாங்கல் ஏற்பட்டால், பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டு வாசலுக்குப் போய்விடுவார். சில சமயம் கையில் முருங்கைக்கீரை இருக்கும். சில சமயம் வெறுங்கைதான். பேசித் தீர்த்துவிட்டு வந்த பிறகே எங்களுக்குச் சோறு. சிறு வயதில் அதை அம்மாவின் நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். அதுவும் அவருடைய ஜெபத்தின் பகுதி என்று இப்போது புரிகிறது.

நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கும் மற்றொருவர், நம்மைப் போன்ற தமிழாசிரியர். திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர்; 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்', 'நற்போதகம்' இதழில் பல்லாண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894-இல் நூலாயிற்று. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், தேர்வுக்காக அவர் பெயரை மனனம் செய்தேன். இப்போதுதான் அந்த யாத்திரை எனக்கு விளங்குகிறது.

பனியனின் கதையில் ஓர் இடம் உண்டு. பயணி கரடுமுரடான பாதையில் நடந்து கால் நொந்தபோது, பக்கத்தில் புல்வெளி வழியொன்று தெரிகிறது. அதில் இறங்கி நடந்து, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகிறான். பல நாள் வாடிய பிறகே, வாக்குத்தத்தம் என்ற திறவுகோல் தன் மடியிலேயே இருந்தது நினைவுக்கு வருகிறது. உத்தமமான பயணியும் வழி தவறுகிறான். ஆயினும் திரும்பி வருகிறான். கிறிஸ்துவோடு நெருங்கியிருப்பது என்பது ஒருநாளும் விலகாதிருப்பது என்று எண்ணியிருந்தேன். விலகியதை உணர்ந்த அந்த நொடியே திரும்புவதும் அதில் அடங்கும்.

மறுநாள் எட்டு மணிக்கு, எந்த வகுப்பின்முன் அச்சொல்லைச் சொன்னேனோ அதே வகுப்பின்முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நேற்று டீச்சர் சொன்னது தப்பு. உனக்குப் படிப்பு வரும்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. அவன் சிறிது நேரம் என்னையே பார்த்தான். பிறகு, "பரவாயில்ல டீச்சர். நான் இன்னும் கடைசிக் கேள்வி எழுதல" என்றான்.

என் மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். வகுப்பறையில் மதம் பேசுவது என் பணியன்று, பேசவும் மாட்டேன். அதனாலேயே என் நடத்தை ஒன்றுதான் அங்கே என் விசுவாசத்திற்குச் சாட்சி.

அதன்பின் ஒரு சிறு பழக்கத்தைக் கைக்கொண்டேன். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றின் சமையலறையில் பணிசெய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களுக்கு நடுவிலும் இறைவனின் சமுகத்தை உணர்ந்து வாழப் பழகியவர். எனக்குச் சமையலறைக்குப் பதில் பள்ளி மணி. ஒவ்வொரு பாட வேளைக்கும் மணி அடிக்கும்போது, "இயேசுவே, உடனிரும்" என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்கிறேன். மாலையில் மகிழுந்தை இயக்குவதற்குமுன், அன்று என் சொல்லால் யார் முகம் வாடியது என்று எண்ணிப் பார்க்கிறேன். பெயர் ஏதேனும் நினைவுக்கு வந்தால், மறுநாள் முதல் வேலை அதுதான். காலை ஜெபத்தை நான் விட்டுவிடவில்லை. அந்த ஜெபம் எட்டு மணிக்கும் தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மாணவன் நேற்றும் வீட்டுப்பாடம் எழுதி வரவில்லை. ஓய்வு நேரத்தில் என் மேசையருகே அமர்த்தி எழுத வைத்தேன். கண்டிப்பில் குறைவில்லை, குரலை மட்டும் உயர்த்தவில்லை. எழுதி முடித்ததும், தன் கையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.