முட்டை அட்டை சத்தத்தை நிறுத்துமா?

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று பலர் நம்புகிறார்கள். உள்ளே எழும் எதிரொலியை அது கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சத்தத்தைத் தடுப்பது எடையும் இடுக்கில்லாத மூடலும்.

பேரன் எலக்ட்ரிக் கிதார் பதிவு செய்ய, ஸ்பீக்கரும் மைக்கும் அடங்கும் பெட்டி ஒன்றைக் கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டிலேயே செய்தோம். ஸ்பீக்கர் அலறினால்தான் அந்தக் கரகரப்பு வரும். அடுத்த வீட்டிலோ பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறது.

பெட்டிக்குள் பெட்டி, இடையில் காற்று, அடியில் ரப்பர். பலகையின் எடை இரட்டித்தால் 6 டெசிபல் வரை குறையும். ஆனால் பெட்டியின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அதனால் வயர் துளையையும் அடைத்தோம். உள்ளே சூடேறும், இடையிடையே திறந்து வையுங்கள்.

இசையும் படிப்புதான். ஒருவர் படிப்பு இன்னொருவர் படிப்பைக் கெடுக்கக் கூடாது.