சுடுகாட்டில் சோறிட்ட அம்மன்

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்ததிலிருந்து செஞ்சிக்கோட்டையைப் பற்றி வெளியூர் நண்பர்கள் நிறையவே கேட்கிறார்கள். ராஜகிரி ஏறுங்கள், கமலக்கண்ணி அம்மனைக் கும்பிடுங்கள், கல்யாண மகாலில் போட்டோ எடுங்கள். மாசியில் வந்தால் மட்டும் பக்கத்திலிருக்கும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும் ஒரு நடை போய்விடுங்கள்.

மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்கே மயானக்கொள்ளை. அதன் கதை இது: பிரம்மனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய பாவத்தால் அந்தக் கபாலம் சிவன் கையில் ஒட்டிக்கொண்டது. பிச்சையில் விழுந்ததையெல்லாம் அதுவே தின்றது, ஈசன் பட்டினி. அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைத்தாள். தின்னும் ஆசையில் கபாலம் கீழே இறங்கியதும் ஒரே மிதி!

சிவனுக்கே தீராத பாவம். அதைத் தீர்க்க அவள் தவமிருக்கவில்லை, யாகம் வளர்க்கவில்லை. முதலில் பசிக்குப் போட்டாள், பிறகு மிதித்தாள். கருணையையும் கோபத்தையும் தனித்தனி தெய்வங்களாகப் பிரிக்காத இந்தக் கதைதான் எனக்குச் சக்தி வழிபாட்டின் சாரமாகப் படுகிறது.

திருவிழா அன்று கொழுக்கட்டை, சுண்டல், தானியம், காய்கறி என்று சமைத்ததும் வயலில் விளைந்ததும் மயானத்தில் குவிந்து சூறை போகும். கைக்கு வந்ததைப் பிரசாதமென்று முடிந்துகொள்வார்கள். சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். மற்ற நாளில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போனால் முகம் சுளிக்கிற ஊர்கள்தான் இவை. அன்றைக்கு அவர்கள்தான் முன்வரிசையில், பிள்ளை வரம் கேட்டு மடியேந்தி.

மாசியில் முடியாவிட்டால் ஏதாவதோர் அமாவாசைக்கு வாருங்கள். இரவில் ஊஞ்சல் உற்சவம். சிறப்புப் பஸ் விடுவார்கள். ஆனாலும் கூட்டம் நெரியும், சொல்லிவிட்டேன்.