அழைப்புக்கு முன் வரும் உறுமல்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, விடுதி வாழ்வின் குறும்புகளையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் என்னினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர் என்பதை எண்ணிப் பார்த்தேன். ஆகவே, இக்கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் பெற்ற சிறிய அறிவொன்று பல ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டில் எவ்வாறு பயன்பட்டது என்பதைக் கூறத் துணிந்தேன்.

சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தில் உள்ள தெஹியோவிட்ட எனது ஊர். சீதாவாக்கை ஆறு பாயும் அப்பகுதியில் இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் குன்றுதோறும் பரந்து கிடக்கின்றன. என் தந்தையார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். மழையும் இடியும் மிகுந்த அவ்வூரில், வானொலி கேட்பதென்றால் இடியின் வெடிப்பொலியையும் சேர்த்துக் கேட்பதென்றே பொருள். ஆகலின் ஒலிபெருக்கியில் இரைச்சல் வருவது எங்களுக்குப் புதுமையன்று. ஆனால் கைத்தொலைபேசி கொண்டுவந்த இரைச்சல் வேறு வகையானது.

அதனை நான் முதலிற் கேட்டது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே. ஓதுவார் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று பண்ணிசைத்துக்கொண்டிருந்தார். திடீரென ஒலிபெருக்கி, "டிட்-டிடிட், டிட்-டிடிட்" என்று விட்டுவிட்டு ஒலித்து, பின்னர் நீளமாக உறுமத் தொடங்கிற்று. ஓதுவார் திகைத்து நின்றார். முதியவர் சிலர் ஏதேனும் அபசகுனமோ என்று முகம் மாறினர். ஒலிபெருக்கிக்காரத் தம்பியோ சிரித்துக்கொண்டே, "மேடையில யாருக்கோ கோல் வருதுங்க, போனைத் தூர வைக்கச் சொல்லுங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தலைவரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

தொலைபேசி ஒலிக்குமுன்பே ஒலிபெருக்கி அதனை அறிந்தது எவ்வாறு? 1989ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த முதற் கைத்தொலைபேசிச் சேவை, பேசும் நேரம் முழுவதும் இடையறாது அலை செலுத்தும் முறையைச் சேர்ந்தது. 1991இல் பின்லாந்தில் வணிகச் சேவையாகத் தொடங்கி, 1995இல் இங்கு வந்த ஜி.எஸ்.எம். முறை அவ்வாறானதன்று. அம்முறையில் ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒவ்வொரு கருவியும் தன் முறை வரும்போது ஒரு செக்கனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் அலையை வீசிவிட்டு அடங்கும். இவ்வாறு செக்கனுக்கு 217 தடவை வீசி வீசி ஓய்கின்றது.

அலையின் சொந்த மீடிறனோ செக்கனுக்கு 90 கோடி அளவினது. நம் செவிக்கு அது எட்டாது. ஆனால் 217 நமது செவிக்கு நன்றாகவே எட்டும். ஒலிவாங்கியின் நீண்ட கம்பி, எவரும் கேளாமலே, அன்ரனாவாகி அவ்வலையை ஏற்கின்றது. விரியலாக்கியில் உள்ள திரான்சிற்றர் அதன் ஒரு பாதியை வெட்டிவிட்டு, விட்டுவிட்டு வரும் வீச்சை மட்டும் ஒலியாக மாற்றிப் பெருக்கிவிடுகின்றது. அழைப்பு வரும்போது, மணி அடிக்குமுன்பே கருவியும் கோபுரமும் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும். அப்பேச்சே நாம் கேட்கும் "டிட்-டிடிட்". மணியை மௌனமாக்கிவிட்டாலும் இது நிற்பதில்லை. தான் இருக்கும் இடத்தை வலையமைப்புக்கு அறிவிப்பதற்காகக் கருவி இடையிடையே தானே குரல் கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு.

இதனை நான் எளிதில் விளங்கிக்கொண்டதற்குக் காரணம் எங்கள் பௌதிக ஆசிரியரே. அந்நாளில் அவர் எம்மைக் கொண்டு மின்கலமே இல்லாத படிக வானொலியொன்றை அமைப்பித்தார். கலீனாப் படிகத்தின்மீது மெல்லிய கம்பியின் நுனியை வைத்து வானொலி அலையை உணரும் அக்கலைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஜகதீஸ் சந்திர போஸ் என்றும், அதற்காக 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்றும் அவர் கூறுவார். போஸ் வேண்டிச் செய்த வேலையைத்தான் எங்கள் கோயில் விரியலாக்கி வேண்டாமற் செய்தது.

இங்கே மலைநாட்டார் அறிய வேண்டியது ஒன்றுண்டு. கோபுரம் அருகில் இருப்பின் கைத்தொலைபேசி மெல்லப் பேசும். தொலைவில் இருப்பினும் குன்று மறைப்பினும் உரக்கக் கூவும். ஓர் உவாற்றின் சிறு பங்களவில் முடியக்கூடிய வேலைக்கு இரண்டு உவாற்று வரை வலுவைச் செலவிடும். ஆகவே நகரத்தில் முணுமுணுக்கும் ஒலிபெருக்கி, பள்ளத்தில் ஒதுங்கிய லயத்தில் உறுமுகின்றது. சமிக்ஞை குறைந்த இடத்தில் இரைச்சல் மிகுதி என்பதே இதன் விந்தை.

இவ்விந்தையால் எங்கள் வீட்டில் நேர்ந்த துன்பமே என்னை இதனை எழுதத் தூண்டியது. தந்தையாருக்கு முதுமையிற் செவிப்புலன் குன்றிற்று. கொழும்பில் ஒரு செவித்துணைக் கருவி வாங்கிக் கொடுத்தோம். அக்காலத்தில் மூத்த தமையனார் கட்டார் நாட்டிற் பணிபுரிந்தார், வெள்ளிக்கிழமைதோறும் அழைப்பார். தந்தையார் கைத்தொலைபேசியைச் செவியில் வைத்த மாத்திரத்தில் செவித்துணைக் கருவி உறுமும். அதுவும் ஒலிவாங்கியும் விரியலாக்கியும் கொண்ட ஒரு சிறு ஒலிபெருக்கிதானே. மகனின் குரல் அவ்வுறுமலில் அமிழ்ந்துவிடும். அவரோ, "பாவம், ஏதோ மெசினுக்குப் பக்கத்துல நின்னு பேசுறான்" என்று எண்ணிக்கொண்டு, இரண்டு நிமிடத்திலேயே, "சரிப்பா, உடம்பப் பாத்துக்க, வச்சிரு" என்று முடித்துவிடுவார். பின்பு எங்களிடம், "என்ன சொன்னான்?" என்று கேட்பார். மகன் ஒரு வாரமாகக் காத்திருந்து அழைத்த அழைப்பு அது.

விடுமுறையில் வீடு சென்றிருந்தபோது இதனைக் கண்டேன். செவித்துணைக் கருவி பழுதென்று சொல்லி அதனைக் கழற்றி வைத்திருந்தனர். பழுது அதில் இல்லை என்பது எனக்கு உடனே விளங்கிற்று. தூரம் இரட்டித்தால் அலையின் வலு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும் என்பது பாடசாலைப் பாடமன்றோ? தொலைபேசியின் சொந்த ஒலிபெருக்கியை இயக்கி, அதனைத் தந்தையாரின் கைக்கெட்டும் தூரத்திற்கும் சற்று அப்பால், யன்னற் கட்டில் வைத்தேன். அந்த யன்னல் கோபுரம் இருந்த திசையை நோக்கியது. ஆகையால் கருவியும் அடங்கிப் பேசிற்று. உறுமல் மறைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தந்தையார் அரை மணி நேரம் பேசினார். என்ன சமைக்கிறாய், யார் உடன் இருக்கிறார்கள், வெயில் எப்படி என்றெல்லாம் கேட்டார். குடும்ப இரகசியங்களைப் பக்கத்து லயமும் கேட்டது. அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. தந்தையார் 2009இல் இறைபதம் எய்தும் வரை அந்த வெள்ளிக்கிழமைகள் தவறவில்லை.

இத்துன்பம் எங்களுடையது மட்டுமன்று. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டிலேயே தொலைபேசிகள் செவித்துணைக் கருவிகளுக்கு இசைந்திருத்தல் வேண்டும் எனச் சட்டம் வந்தது. கைத்தொலைபேசிக்கு அதில் இருந்த விலக்கு 2003இல் நீக்கப்பட்டது. பின்னர் வந்த மூன்றாந் தலைமுறை, நான்காந் தலைமுறைச் சேவைகள் குறைந்த வலுவில் வேறு முறையில் அலை செலுத்துவதால் இவ்வுறுமல் பெரிதும் அடங்கிவிட்டது. இன்றைய மாணவர் பலர் இதனைக் கேட்டிருக்கவே மாட்டார். ஆயினும் புதிய சேவை எட்டாத மலைச்சரிவில் கருவி பழைய முறைக்குத் திரும்புமாயின், உறுமலும் உடன் திரும்பும்.

நம் கல்லூரி மண்டபத்தில் யூபிலி விழாக்கள் நிகழவிருக்கும் இவ்வேளையில் ஒரு வேண்டுகோள். மேடையில் அமரும் பெரியோர் தம் கைத்தொலைபேசியை ஒலிவாங்கியின் அருகே வையாதிருப்பாராக. ஒலிவாங்கிக் கம்பி நல்ல உறையிட்டதாக இருக்கட்டும். சபையில் எங்கேனும் செவித்துணைக் கருவி அணிந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவரருகே அமரும் மாணவர் தம் கருவியை அணைத்து வைப்பாராக. எம்மை உருவாக்கிய ஆசிரியருட் பலர் இன்று அவ்வகைக் கருவியோடுதான் முன்வரிசையில் வந்து அமர்கின்றனர். அவர்கள் விழாவைத் தெளிவாகக் கேட்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி!